ரைஃபிள் தோட்டாவைக் கையால் நிரப்பும்போது மருந்தையும் பிரைமரையும் தேர்ந்தெடுக்கும் முறை

ரைஃபிள் தோட்டாவில் நான்கு பொருள்கள் இருக்கின்றன: பித்தளைக் கூடு, அதன் அடியில் பொருந்தி, துப்பாக்கியின் ஊசி அடித்ததும் தீ கொடுக்கும் சிறு கிண்ணமான பிரைமர், அந்தத் தீயில் எரிந்து குண்டைத் தள்ளும் வெடிமருந்து (சுருக்கமாக மருந்து), வாயில் குண்டு. புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்கள் குண்டைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட மருந்திலும் பிரைமரிலும் காட்டுவதில்லை. ஆனால் கண்ணுக்கும் கைக்கும் கேடு வருவது பெரும்பாலும் இந்த இரண்டில் நேரும் பிழையால்தான். மருந்து ஒன்று, பிரைமர் ஒன்று என்று இவற்றைத் தனித்தனியாக வாங்கினாலும், கூட்டுக்குள் போனபின் அவை ஒரே பொருளாகத்தான் வேலை செய்கின்றன என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அமெரிக்காவில் வேட்டைக்காரர்களும் இலக்குச் சுடுவோரும் சுட்டு முடித்த கூடுகளைச் சேர்த்துவைத்துச் சொந்த உபயோகத்துக்குத் தாங்களே மறுபடி நிரப்பிக்கொள்வது பல தலைமுறையாக உள்ள வழக்கம். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். எனவே இங்கே சொல்வது முழுவதும் அமெரிக்காவில், சட்டம் இடம் தரும் இடத்தில், செய்யப்படும் வேலையைப் பற்றியது. எடுத்துக்காட்டாக .308 வின்செஸ்டர் தோட்டாவை வைத்துக்கொள்கிறேன். 1952இல் விற்பனைக்கு வந்த இந்தத் தோட்டாவுக்குக் கையேடுகளில் கிடைக்கும் அளவுக் குறிப்புகள் ஏராளம். புதியவர் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல தோட்டா இல்லை என்பது என் கருத்து.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எந்த மருந்துக்கும் இத்தனை கிரெயின் போடுங்கள் என்று இங்கே எழுதமாட்டேன். ஒரு கிரெயின் என்பது ஒரு பவுண்டில் 7,000இல் ஒரு பங்கு, ஏறத்தாழ 65 மில்லிகிராம். அந்த அளவில் ஓர் இலக்கம் மாறி அச்சானாலும், படிப்பவர் வேறு குண்டுக்கு அதைப் பயன்படுத்தினாலும் தீங்கு விளையும். எடை அளவை மருந்து அல்லது குண்டு தயாரிப்பாளர் வெளியிட்ட கையேட்டிலிருந்து நேரடியாகப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். நண்பர் சொன்னார், துப்பாக்கிக் கடைக்காரர் சொன்னார் என்ற அளவுகளை, அவர்கள் எவ்வளவு அனுபவசாலிகளாக இருந்தாலும், கையேட்டோடு ஒப்பிடாமல் ஏற்காதீர்கள்.

மருந்தின் எரிவேகம்

விறகடுப்பு மூட்டியவர்களுக்கு எரிவேகத்தைத் தனியே விளக்க வேண்டியதில்லை. பன்னாடை பற்றிக்கொண்டால் குப்பென்று எரிந்து அடங்கிவிடும்; புளியங்கட்டை மெதுவாகப் பிடித்து நின்று எரியும். புகையில்லா மருந்துகளும் அப்படித்தான். கைத்துப்பாக்கிக்கான மருந்து பன்னாடை போன்றது. குட்டையான குழலில், சிறிய கூட்டில், அதன் வேலை சட்டென்று முடிய வேண்டும். ரைஃபிள் குழல் நீளமானது, குண்டும் கனமானது. குண்டு நகரத் தொடங்கியபின்பும் தொடர்ந்து எரிந்து வாயு கொடுத்துத் தள்ளும் மருந்துதான் அங்கே வேண்டும். கைத்துப்பாக்கி மருந்தை ரைஃபிள் கூட்டில் ரைஃபிள் மருந்தின் அளவுக்கு நிரப்பினால் குண்டு நகர்ந்து இடம் கொடுப்பதற்குள் அழுத்தம் எல்லை கடந்து, துப்பாக்கி சிதறிவிடும்.

கூடு பெரிதாகவும் குண்டு கனமாகவும் ஆக ஆக, மெதுவாக எரியும் மருந்து பொருந்தும் என்பது பொதுவிதி. .308இல் 150 முதல் 175 கிரெயின் குண்டுகளுக்கு ஐஎம்ஆர் 4895, ஐஎம்ஆர் 4064, வார்கெட் என்ற வணிகப் பெயர்களில் விற்கும் நடுத்தர வேக மருந்துகளைத்தான் பலரும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறார்கள். அதைவிடப் பெரிய .30-06 கூட்டில் கனமான குண்டுக்கு எச் 4350 போன்ற இன்னும் மெதுவான மருந்து நன்றாக அமையும். வழக்கத்தைவிட அதிக மருந்து கொள்ளும் மேக்னம் கூடுகளுக்கு எச் 4831 போன்றவை. எல்லா மருந்துகளையும் வேகத்திலிருந்து மந்தம் வரை வரிசைப்படுத்தும் அட்டவணைகள் கிடைக்கும். அவை வரிசையை மட்டுமே சொல்லும். இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று சொல்லாது. அட்டவணையில் அடுத்தடுத்து இருக்கின்றன என்பதற்காக ஒன்றின் அளவை மற்றொன்றுக்குப் போடுவது கூடவே கூடாது.

பெயர்க் குழப்பம் இங்கே பெரிய ஆபத்து. ஐஎம்ஆர் 4895, எச் 4895 இரண்டும் எண்ணால் ஒன்றானவை, மருந்தால் வேறானவை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையின் .30-06 தோட்டாக்களுக்குப் பயன்பட்ட 4895 மருந்து போருக்குப் பின் உபரியாக மிஞ்சியது. புரூஸ் ஹாட்ஜ்டன் அதை மொத்தமாக வாங்கிக் கைநிரப்புவோருக்கு விற்கத் தொடங்கினார். எச் என்ற எழுத்து அந்த ஹாட்ஜ்டன் பெயரிலிருந்து வந்தது. உபரி தீர்ந்தபின் புதிதாகத் தயாரிக்கப்பட்ட எச் 4895 ஐஎம்ஆர் மருந்திலிருந்து வேறுபட்டது. ஒன்றின் உச்ச அளவு மற்றொன்றுக்குப் பொருந்தாது. 4350 என்ற எண்ணிலோ ஐஎம்ஆர், எச், அக்யூரேட் என்று மூன்று மருந்துகள் உண்டு. கையேட்டில் விரலை வைத்து, எழுத்தையும் எண்ணையும் டப்பாவோடு சேர்த்து வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது என் வழக்கம். பக்கத்தில் யாராவது இருந்தால் விசித்திரமாகத்தான் பார்ப்பார்கள். ஆனாலும் அதை நான் விடுவதில்லை.

மணியின் வடிவத்தையும் கவனிக்க வேண்டும். ஐஎம்ஆர் 4064 உடைத்த சேமியாத் துணுக்குகளைப் போல நீளமானது. மருந்தை அளந்து இறக்கும் கருவியின் கைப்பிடியைத் திருப்பும்போது நறுக்கென்று துணுக்குகள் வெட்டுப்படுவது கையிலேயே தெரியும்; அதனால் ஒவ்வொரு முறையும் விழும் அளவு சற்றே மாறும். பிஎல்-சி(2) போன்ற உருண்டை மருந்து கசகசாவைப் போல வழுக்கிக்கொண்டு இறங்கும். நூறு தடவை இறக்கினாலும் எடை ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். வேகமாக நிறையத் தோட்டா நிரப்புபவருக்கு உருண்டை மருந்து வசதி. ஆனால் அதன் மேற்பூச்சு காரணமாக அது பற்றிக்கொள்வது சற்றுக் கடினம். பிரைமரைப் பற்றிப் பேசும்போது இதற்குத் திரும்ப வருகிறேன்.

வெப்பநிலையால் சில மருந்துகளின் வேகமும் அழுத்தமும் ஏறி இறங்கும். சனவரிக் குளிரில் உச்ச அளவை ஒட்டிச் சோதித்துச் சரியாக இருந்த தோட்டா, டெக்சாசின் ஆகஸ்டு வெயிலில் காருக்குள் கிடந்தபின் எல்லை மீறலாம். வார்கெட், எச் 4350, எச் 4895 ஆகியவை இந்த மாற்றம் குறைவாக இருக்கும்படி ஆஸ்திரேலியாவின் முல்வாலா ஆலையில் தயாரிக்கப்படுபவை. முதல் டப்பா வாங்குபவருக்கு என் பரிந்துரை இந்த வகையில் ஒன்றே.

கூடு எவ்வளவு நிறைகிறது என்பதையும் பாருங்கள். கூட்டின் கொள்ளளவில் பெரும்பகுதியை நிரப்பும் மருந்தை நான் விரும்புவேன். காரணம் எளிது: தவறி இரண்டு முறை ஊற்றினால் அது வழிந்து கொட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். பாதிக்கும் குறைவாக நிற்கும் மருந்தில் இரட்டை அளவு உள்ளே போனாலும் வெளியே தெரியாது.

குறைத்துப் போட்டால் எப்போதும் பாதுகாப்பு என்ற நம்பிக்கையும் தவறு. எச் 110 போன்ற உருண்டை மருந்துகளைக் கையேட்டின் தொடக்க அளவுக்குக் கீழே போட்டால் சரியாகப் பற்றாமல் குண்டு குழலிலேயே சிக்கிக்கொள்ளலாம். அதைக் கவனிக்காமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வெடிக்கும். பெரிய கூட்டில் மந்தமான மருந்தை மிகக் குறைத்துப் போட்டபோது விளக்க முடியாத அளவுக்கு அழுத்தம் எகிறித் துப்பாக்கி உடைந்த நிகழ்வுகளும் உண்டு. மென்மையான தோட்டா வேண்டுமென்றால் அதற்கென்றே குறிப்பிடப்பட்ட மருந்தை எடுங்கள்: எச் 4895ஐ, அதற்குக் கையேட்டில் இடம்பெற்ற ரைஃபிள் தோட்டாவின் உச்ச அளவில் 60 விழுக்காடு மீதி நிற்கும் வரை (அதாவது 40 விழுக்காட்டுக்கு மேல் கழிக்காமல்) குறைக்கலாம் என்று ஹாட்ஜ்டன் நிறுவனமே அறிவித்திருக்கிறது. அந்தச் சலுகையை வேறு மருந்துக்கு நீங்களாக நீட்டிக்காதீர்கள்.

துப்பாக்கியின் வகையையும் மறந்துவிடக் கூடாது. தோட்டாவின் பின்புறத்தை அடைக்கும் போல்ட்டைக் கையால் இழுக்கும் துப்பாக்கி, கையேட்டில் அந்தத் தோட்டாவுக்குக் கொடுத்துள்ள மருந்துகளில் வேகமானதையும் மந்தமானதையும் பொறுத்துக்கொள்ளும். எம் 1 கேரண்ட் போன்ற வாயுவால் இயங்கும் துப்பாக்கி பொறுக்காது. மந்தமான மருந்து குழலின் முனைப்பகுதியிலுள்ள வாயுத் துளையில் அதிக அழுத்தம் கொடுத்து, அதன் இயக்கத் தண்டை வளைத்துவிடும். அதற்கு 4895, 4064 வேகத்தில் உள்ள மருந்தோடு நின்றுவிட வேண்டும்.

பிரைமர்

அடிப்படை அளவுகள் இரண்டு. சிறியது 0.175 அங்குல விட்டம், பெரியது 0.210 அங்குல விட்டம். .308க்குப் பெரியது, .223க்குச் சிறியது. கைத்துப்பாக்கிக்கான பெரிய பிரைமரும் அதே 0.210 விட்டத்தில்தான் இருக்கும் என்பதால் கூட்டில் பொருந்தியும் விடும். ஆனால் அதன் உயரம் குறைவு, தகடும் மெல்லியது. ரைஃபிள் அழுத்தத்தைத் தாங்காது. கடையில் இரண்டு பெட்டிகளும் அருகருகே அடுக்கப்பட்டிருக்கும். "ரைஃபிள்" என்ற சொல் பெட்டியில் இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். கூட்டுக்குள் பார்த்து, நடுவில் ஒரே ஒரு துளை இருந்தால் அது பாக்சர் வகை. மறுபடி நிரப்புவதற்கு ஏற்றது. இரண்டு சிறு துளைகள் இருந்தால் பெர்டன் வகை, அதை ஒதுக்கிவிடுங்கள். பாக்சர் ஓர் ஆங்கிலேயர், பெர்டன் ஓர் அமெரிக்கர். ஆனால் அமெரிக்காவில் நிலைத்தது பாக்சர் முறை.

சாதாரண பிரைமரா, மேக்னம் பிரைமரா என்பது அடுத்த கேள்வி. மேக்னம் பிரைமரின் தீ நீண்டதாகவும் சூடாகவும் இருக்கும். கூடு பெரிதாக இருந்து மருந்து நிறைய இருந்தால், மருந்து உருண்டை வகையாக இருந்தால், அல்லது கடும் குளிரில் வேட்டைக்குப் போவதாக இருந்தால் அது தேவைப்படும். .308இல் வார்கெட் போன்ற நீள்மணி மருந்துக்குச் சாதாரண பிரைமரே போதும்: சிசிஐ 200, ஃபெடரல் 210, ரெமிங்டன் 9½ போன்றவை. சிசிஐ 250, ஃபெடரல் 215 இரண்டும் மேக்னம். வின்செஸ்டரின் பெரிய ரைஃபிள் பிரைமரைச் சாதாரணத் தோட்டாவுக்கும் மேக்னத்துக்கும் பொதுவாகவே விற்கிறார்கள். ஃபெடரல் 210 எம், சிசிஐ பிஆர்-2 போன்ற போட்டி வகைகள் கூடுதல் சீரோடு தயாராகின்றன. மான் வேட்டைக்கு அந்தக் கூடுதல் விலை தேவையில்லை.

பிரைமர் பிரைமர்தானே என்று நினைப்பவர்களுக்காக என் கதையைச் சொல்கிறேன். 2021இல் அமெரிக்கா முழுவதும் பிரைமருக்குக் கடும் தட்டுப்பாடு. சாதாரண பிரைமரோடு உச்சத்துக்கு அரை கிரெயின் கீழே பல ஆண்டுகளாக நான் நிரப்பிவந்த தோட்டாவில், கையில் கிடைத்த மேக்னம் பிரைமரைப் பொருத்திவிட்டேன், மருந்தைக் குறைக்கவில்லை. முதல் தோட்டா சுட்டதும் போல்ட் கைப்பிடி மேலே எழ மறுத்தது. உள்ளங்கையால் தட்டித்தான் திறந்தேன். வெளியே வந்த கூட்டைப் பார்த்தால், வழக்கமாக விளிம்பில் மெல்லிய வளைவோடு இருக்கும் பிரைமர், தண்டவாளத்தில் வைத்த காசைப் போலத் தட்டையாகிப் பள்ளத்தின் ஓரம்வரை பரந்து கிடந்தது. கூட்டின் அடித்தகட்டில், காலிக் கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டரின் துளை வட்டம் பளபளவென்று பதிந்திருந்தது. மீதி 19 தோட்டாக்களையும் பிரித்து எடுத்தேன். முழுப் பிழையும் என்னுடையதே. மாற்றியது ஒரே ஒரு பொருள்தானே என்று நினைத்துவிட்டேன்.

தகட்டின் கடினமும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஃபெடரல் பிரைமர் மென்மையானது, இலேசான அடியிலேயே பற்றும் என்பது சுடுவோர் நடுவே பொதுவான அனுபவம். பலவீனமான வில் கொண்ட பழைய துப்பாக்கிக்கு அது நல்லது. ஆனால் எம் 1 கேரண்ட், ஏஆர்-15 ஆகியவற்றில் அடிக்கும் ஊசி தளர்வாக நிற்கும். போல்ட் மூடும் வேகத்திலேயே அது பிரைமரை இலேசாகத் தொடும். அங்கே மென்மையான பிரைமர் இருந்தால் விசையை இழுக்காமலே தோட்டா வெடித்துவிடலாம். அத்தகைய துப்பாக்கிகளுக்கென்றே சிசிஐ 34 பெரிய அளவிலும், சிசிஐ 41 சிறிய அளவிலும் கிடைக்கின்றன. ரெமிங்டன் 6½ மெல்லிய தகடு கொண்டது; .22 ஹார்னெட் போன்ற குறைந்த அழுத்தத் தோட்டாவுக்கானது, .223க்கு அல்ல. .223க்கு அதே நிறுவனத்தின் 7½.

எந்தப் பிரைமரானாலும் பள்ளத்தின் அடிவரை இறங்கி, கூட்டின் அடிமட்டத்துக்குக் கீழே அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பங்கு தாழ்ந்து நிற்க வேண்டும். இதைக் கண்ணால் அளக்க முடியாது, விரலால் முடியும். ஒவ்வொரு கூட்டின் அடியையும் விரல் நுனியால் தடவுங்கள். சிறு குழி தட்டுப்பட வேண்டும். மேடு தட்டுப்பட்டால் அந்தக் கூட்டைத் தனியே வையுங்கள். பள்ளத்தைச் சுத்தம் செய்யாமல் பொருத்தினால் பழைய கரி பிரைமரைத் தூக்கி நிறுத்தும்.

தொடக்கத்திலிருந்து ஏறிச் செல்லுதல்

கையேட்டில் உங்கள் தோட்டா, உங்கள் குண்டின் எடையும் வகையும், நீங்கள் வாங்கிய மருந்து ஆகிய மூன்றும் ஒன்றாக வரும் வரியைக் கண்டுபிடியுங்கள். அந்த வரியைச் சோதிக்க எந்தப் பிரைமர், எந்தக் கூடு, எத்தனை அங்குலக் குழல் என்பதும் அருகில் இருக்கும். முடிந்தவரை அதே பிரைமரை வாங்குங்கள். தொடக்க அளவு கொடுக்கப்படாமல் உச்ச அளவு மட்டும் இருந்தால், அதில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். உச்சம் 45 கிரெயின் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் தொடக்கம் 40.5. ராணுவக் கூடு பயன்படுத்துபவர் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அதன் சுவர் தடிமனானது, உள்ளிடம் குறைவு, அதே மருந்துக்கு அழுத்தம் கூடுதல்.

அங்கிருந்து 0.3 முதல் 0.5 கிரெயின் படிகளாக, படிக்கு மூன்று தோட்டாக்கள் நிரப்புங்கள். தராசை ஒவ்வொரு முறையும் சோதனை எடைக்கல்லை வைத்துச் சரிபார்த்தபின் தொடங்குங்கள். மின் தராசு அரைமணி நேரத்தில் இலேசாக நகர்வதை நானே பலமுறை கண்டிருக்கிறேன். மருந்து இட்டு முடிந்ததும் கூடுகளைத் தாங்கும் கட்டையில் வரிசையாக நிறுத்தி, கைவிளக்கை மேலிருந்து பிடித்து ஒவ்வொன்றின் உள்மட்டத்தையும் பாருங்கள். ஒன்று மட்டும் உயர்ந்தோ தாழ்ந்தோ இருந்தால் கண் உடனே பிடித்துவிடும். இதைச் செய்யாமல் ஒரு குண்டைக்கூட அழுத்தாதீர்கள்.

சுடுமிடத்தில் குறைந்த அளவிலிருந்து தொடங்கி மேலே போங்கள். போல்ட் கனத்தல், பிரைமர் தட்டையாதல், ஊசி பட்ட இடத்தைச் சுற்றி எரிமலை வாய் போல விளிம்பு எழுதல், அடித்தகட்டில் பளபளப்பான தடம், பிரைமர் பள்ளம் தளர்தல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அத்தோடு நிறுத்துங்கள். ஆனால் இந்த அடையாளங்களை மட்டும் நம்பியிருப்பது போதாது. .308க்கு அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா தயாரிப்பாளர்களின் தர அமைப்பான எஸ்ஏஏஎம்ஐ வகுத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. பல துப்பாக்கிகளில் அதைத் தாண்டிய பிறகுதான் அடையாளமே தெரியும். எனவே வேகம் அளக்கும் கருவி ஒன்றை அவசியம் வாங்குங்கள். கையேட்டின் உச்ச வேகத்தை உங்கள் தோட்டா எட்டிவிட்டால், மருந்து உச்ச அளவுக்குக் கீழே இருந்தாலும் அழுத்தம் உச்சத்தில் இருப்பதாகவே கொள்ள வேண்டும். கையேடு 24 அங்குலக் குழலில் சோதித்து, உங்களுடையது 20 அங்குலம் என்றால், அங்குலத்துக்கு ஏறத்தாழ 20 முதல் 30 அடி என்று நொடி வேகத்தில் கழித்துப் பாருங்கள்.

மூன்று தோட்டாக்கள் ஒரே துளையில் விழுந்தன என்பதற்காக அந்த அளவை முடிவு செய்துவிடாதீர்கள். அக்கம்பக்கத்துப் படிகளிலும் குண்டுகள் ஏறத்தாழ ஒரே உயரத்தில் விழுகிற இடத்தைத் தேடி, அதன் நடு அளவில் பத்துத் தோட்டாக்கள் நிரப்பிச் சுட்டுப் பாருங்கள். இப்போது எனக்குப் பிடித்த அளவுகள் எல்லாமே உச்சத்துக்கு ஒரு கிரெயினாவது கீழேதான் இருக்கின்றன. நொடிக்கு ஐம்பது அடி வேகம் கூடுவதால் மான் வேட்டையில் ஒரு பயனும் இல்லை. கூட்டின் ஆயுள் மட்டும் குறையும்.

பிரைமர், கூட்டின் தயாரிப்பு, குண்டு இவற்றில் எதை மாற்றினாலும் மறுபடி தொடக்க அளவிலிருந்து வர வேண்டும். ஈயம் இல்லாத முழுச் செம்புக் குண்டு, அதே எடையுள்ள ஈயக் குண்டைவிட நீளமானது. கூட்டுக்குள் ஆழமாக இறங்கி இடத்தை அடைத்துக்கொள்ளும். அதே மருந்தின் புது டப்பா என்றாலும் லாட் எண் (தயாரிப்புத் தொகுதியின் எண்) மாறியிருந்தால் இரண்டு மூன்று படி இறங்கி வந்து சோதிப்பேன்.

மேசையில் ஒரு நேரத்தில் ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் அளவுக் கருவியில் மிஞ்சியதை அதே டப்பாவில் கொட்டிவிடுங்கள். நாளைக்கு அது எந்த மருந்து என்று நினைவிருக்காது. மூடியைத் திறந்ததும் புளித்த காரநெடி அடித்தாலோ செம்பழுப்புத் தூள் தெரிந்தாலோ அந்த மருந்து கெட்டுவிட்டது. பிரைமர்களை அவை வந்த தட்டிலேயே வையுங்கள். ஒரு பாட்டிலில் கொட்டிவைத்தால் ஒன்று வெடித்ததும் அத்தனையும் சேர்ந்து வெடிக்கும். கண்ணாடி அணியாமல் பிரைமரைத் தொடாதீர்கள்.

நிரப்பி முடித்த பெட்டியின் மேல் தேதி, எந்தத் துப்பாக்கிக்கு, கூடு எத்தனையாவது முறை நிரப்பப்படுகிறது, குண்டு, மருந்தின் பெயரும் லாட் எண்ணும் எடையும், பிரைமரின் பெயரும் லாட் எண்ணும், தோட்டாவின் மொத்த நீளம் ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். எழுத்து இல்லாத பெட்டி ஒன்று என் பரணில் கிடைத்தால், அது நானே நிரப்பியதாக இருந்தாலும், குண்டு பிடுங்கும் சுத்தியால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பிரித்துவிட்டு, மருந்தைத் தோட்டத்துப் புல்லில் மெல்லிசாகத் தூவிவிடுவேன்.